யாரைக் கேட்க வேண்டாம்?

நான்கு சாக்கெட் சர்வர் ஒன்றில் நினைவகம் பொதுச்சொத்து. ஒவ்வொரு செயலியும் தனக்கு வேண்டியதை 64 பைட் துண்டுகளாகத் தன் கேஷுக்குள் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். ஒன்று தன் பிரதியைத் திருத்திய மறுகணம் மற்றவற்றிடம் இருப்பதெல்லாம் பழசு. அந்தப் பழசை எவரும் படித்துவிடாமல் காப்பதற்குத்தான் கேஷ் ஒத்திசைவு என்று பெயர். வங்கிக் கணக்கும் ரயில் முன்பதிவும் இதை நம்பித்தான் ஓடுகின்றன.

இதற்கு எளிய வழி தண்டோரா போடுவது. ‘இந்தத் துண்டு எவரிடமாவது இருக்கிறதா?’ என்று எல்லாச் செயலிகளையும் கேட்டு, எல்லோரும் பதில் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். ஏஎம்டியின் ஆப்டெரான் சர்வர்கள் பல ஆண்டுகள் இப்படித்தான் இயங்கின. கேட்ட தரவு பக்கத்து நினைவகத்திலிருந்து வந்து சேர்ந்துவிடும். ஆனாலும் தொலைவிலுள்ள மூன்று சாக்கெட்டுகளும் ‘என்னிடம் இல்லை’ என்று சொல்லி முடிக்கும்வரை அதைத் தொட முடியாது. பெரும்பாலும் வருவது ‘இல்லை’ என்ற பதில்தான். இத்தனை ‘இல்லை’களைச் சுமந்தே இணைப்புத் தடங்கள் நிரம்பிப்போகும்.

எந்தத் துண்டு யாரிடம் இருக்கிறது என்று எழுதி வைத்துக்கொண்டால் என்ன? சான்சியே, ஃபோத்ரியே என்ற இருவர் 1978-லேயே இதற்கு வடிவம் கொடுத்துவிட்டார்கள். நினைவகத்தின் ஒவ்வொரு துண்டுக்கும், கேஷுக்கு ஒரு பிட். திருத்தப்பட்டதா என்பதற்கு இன்னொரு பிட். இதுதான் டைரக்டரி. ஸ்டான்ஃபோர்டின் ‘டாஷ்’ இயந்திரம் இந்த எண்ணத்துக்கு உடல் தந்தது. அங்கே 16 பைட் துண்டு ஒவ்வொன்றுக்கும் 17 பிட் குறிப்பு. அதாவது 128 பிட் தரவைக் காக்க 17 பிட். சுத்தமான வடிவமைப்புதான். ஆனால் செயலிகள் பெருகப் பெருகக் குறிப்பேடும் வீங்கிக்கொண்டே போகும்.

அந்த வீக்கத்தைக் குறைத்த விதத்தில்தான் என் மனம் லயிக்கிறது. சென்னை ஐஐடியில் படித்த அனந்த் அகர்வால் எம்ஐடியில் உருவாக்கிய ‘ஏல்வைஃப்’ இயந்திரத்தைப் பாருங்கள். பெரும்பாலான துண்டுகளை ஒரே நேரத்தில் வைத்திருப்பவர்கள் ஓரிருவரே என்பதைக் கவனித்தவர்கள், வன்பொருளில் ஐந்து பெயருக்கு மட்டும் இடம் விட்டார்கள். அதற்கு மேல் ஆள் வந்தால் மென்பொருள் குறுக்கிட்டுக் கணக்கை எடுத்துக்கொள்ளும். அரிதாக நடப்பதற்கு மெதுவான வழியே போதும் என்ற துணிவு அதில் தெரிகிறது.

2009-ல் வந்த ஆறு கோர் ‘இஸ்தான்புல்’ ஆப்டெரானின் துணிவு வேறு வகை. 6 எம்பி மூன்றாம் நிலை கேஷில் 1 எம்பியை வெட்டி டைரக்டரிக்குக் கொடுத்தார்கள். ஒரு குறிப்புக்கு 4 பைட். அந்த 1 எம்பி, 16 எம்பி அளவு பிரதிகளைக் கண்காணிக்கும். கேஷ் என்பது சிப்பின் மிக விலையுயர்ந்த நிலம். அதில் ஆறில் ஒரு பங்கைத் தரவே இல்லாத குறிப்புக்கு ஒதுக்க அசாத்திய நம்பிக்கை வேண்டும். நான்கு சாக்கெட் சர்வர்களில் அந்த நம்பிக்கை பலித்தது.

இன்டெலின் வழி இன்னும் நுட்பமானது. சர்வர் நினைவகத்தில் ஒவ்வொரு 64 பைட்டுக்கும் பிழை திருத்தவென்று கூடுதல் பிட்கள் உண்டு. திருத்தும் குறியீட்டைத் திறமையாக அமைத்தால் அவற்றில் சில மிஞ்சும். அந்த மிச்சத்தில் இரண்டு பிட்டை எடுத்து டைரக்டரியாக்கினார்கள். இரண்டே பிட்டில் பெயர் எழுத முடியாது. ‘வெளியே எவரிடமும் இல்லை’, ‘படிக்க மட்டும் போயிருக்கிறது’, ‘தெரியாது, எல்லோரையும் கேள்’ என்ற மூன்று நிலைகளை மட்டும் சொல்லலாம். தரவோடு சேர்ந்தே வருவதால் இந்தக் குறிப்பைத் தனியாகத் தேடிப் போகவும் வேண்டாம்.

இந்தக் குறிப்பு பொய் சொல்லலாம் என்பதுதான் இதில் ஆக அழகான இடம். ஒரு செயலி, திருத்தாத பிரதியைச் சொல்லாமல் கொள்ளாமல் எறிந்துவிடும்; டைரக்டரி அது இன்னும் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கும். நஷ்டம் ஒரு வீண் கேள்வி மட்டுமே. ஆனால் இருப்பதை இல்லையென்று ஒருமுறைகூடச் சொல்லக் கூடாது. சொன்னால் பழைய தரவு புதியதாக வேஷம் போட்டுவிடும். எந்தப் பக்கம் தவறலாம், எந்தப் பக்கம் தவறவே கூடாது என்று பிரித்தறிந்தவர்களால்தான் இவ்வளவு சிக்கனமாகக் கட்ட முடியும்.

சிக்கனத்துக்கும் விலை உண்டு. குறிப்பு நினைவகத்திலேயே இருப்பதால், அது மாறும்போதெல்லாம் நினைவகத்தில் எழுத வேண்டியிருக்கிறது. இரு சாக்கெட்டுகள் ஒரே துண்டை மாறி மாறித் திருத்தினால் நினைவகத்தின் ஒரே வரிசை ஓயாமல் தட்டப்படும். பக்கத்து வரிசையின் பிட்கள் புரண்டுவிடும் அபாயம் உண்டு. தீய நோக்கமில்லாத சாதாரண நிரல்களே இப்படித் தட்டக்கூடும் என்று 2022-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதற்கு மாற்றாக அவர்கள் தந்ததும் புதிய ஒத்திசைவு விதிகளையே.

கணினிக் கட்டமைப்பு படிக்கும் மாணவர்கள் பாடநூலின் நிலைப்படங்களை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிட வேண்டாம். 1978-ஆம் ஆண்டுக் கட்டுரையையும் 1990-இல் வந்த டாஷ் கட்டுரையையும் தேடியெடுத்து, அடுத்தடுத்துப் படியுங்கள்.