பாறையோரம் ஒரு காலை

ஞாயிறு காலையில், வெயில் உறைக்கும் முன், மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கு மக்களை நடத்திச் செல்கிறது 'பசுமை நடை'. எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் 2010இல் தொடங்கியது. அவர்கள் போகும் இடங்களில் என் மனம் ஒட்டிக்கொண்டது கீழக்குயில்குடி சமணர் மலையில்தான். அடிவாரத்தில் ஆலமரங்கள், தாமரைக் குளம், அய்யனார் கோயில். செதுக்கிய படிகளில் செருப்புகள் உரசும் ஓசை, சிறுவர்களின் மூச்சிரைப்பு, எங்கோ ஒரு மயிலின் அகவல். மேலே பேச்சிப்பள்ளம் என்னும் இடத்தில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள். இரவின் குளிர்ச்சி இன்னும் பாறையில் இருக்கும்; உள்ளங்கையை வைத்தால் சொரசொரப்போடு அதுவும் ஏறும்.

தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் அங்கே பாறையில் உள்ள பழைய வட்டெழுத்தை வாசிக்கும்போது, வெறும் கீறலாகத் தெரிந்தது மெல்ல ஒரு பெயராகும், ஒரு ஊராகும். அவசரப்படாத அந்தக் குரலுக்காகவே மலை ஏறலாம். பிறகு மரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும் காலை உணவு; அதன் ருசியில் பாதி நடந்த களைப்பு தருவது. நீங்களும் ஒருமுறை போய் வாருங்கள். தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். பாறையில் மட்டும் உங்கள் பெயரைக் கிறுக்கிவிடாதீர்கள்.