பச்சை என்னும் பிரதி

நெய்வேலியில் சுரங்க மண்மேட்டின்மேல் மரம் நட்டால் அதற்கு ‘நிலமீட்பு’ என்று பெயர். நிலம் யாரிடமிருந்து போனது, யாருக்குத் திரும்பியது என்ற கேள்விக்கு இந்தச் சொல்லாடலில் இடமில்லை. பச்சை தெரிந்தால் கணக்கு முடிந்தது. நொய்யல் கரையையும் இப்படியே வாசித்துவிடும் ஆபத்து இருப்பதால் இதை எழுதுகிறேன்.

திருப்பூரும் ஒருவகைச் சுரங்கம்தான். தோண்டியது நிலக்கரியை அல்ல, தண்ணீரை. சுற்றுக் கிராமங்களின் கிணறுகளிலும் போர்களிலும் உறிஞ்சி லாரி லாரியாகச் சாயப்பட்டறைக்குப் போன நீர், உப்போடு நொய்யலுக்கு வந்தது. (பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும். நிறம் ஏற்றுமதியானது, உப்பு நம்மிடம் தங்கிவிட்டது.) பாசனத்துக்கென 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சில வருஷத்திலேயே கழிவுத் தொட்டியாயிற்று. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது.

இன்று கரை பச்சையாகத்தான் இருக்கிறது. செயற்கைக்கோள் படம் பார்ப்பவர் தாவரப் பரப்பு மீண்டுவிட்டது என்பார். ஆனால் அங்கே அடர்ந்து நிற்பது சீமைக்கருவேலம். எங்கும் வளர்கிற மரந்தான், மறுக்கவில்லை. சோடியம் ஏறி இறுகிய மண்ணிலோ, மற்றச் செடிகள் தயங்கும்போது இது மட்டும் தழைக்கும். ஆக, குணமானதன் அடையாளம் என்று காட்டப்படும் பச்சை, காயத்தின் சாட்சியாகவும் இருக்கலாம். இலையை ஆடுகூடத் திங்காது, காயைத்தான் திங்கும்.

காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டை இதோடு வைத்துப் பாருங்கள். கிளுவை வேலி, உள்ளே வெள்வேல், கீழே கொழுக்கட்டைப்புல். கோடையில் அது பச்சையாகவே இராது. படத்தில் வெறும் தரிசு, ஆனால் மாடு மேய்கிற நிலம். ‘ஒண்ணுமில்லாத பொட்டக்காடுதானுங்க’ என்று சைட் போட்டு விற்க இந்த வாசிப்பு ரொம்ப வசதி.

கொறங்காட்டைப் பொற்காலமாக்குவது என் நோக்கமல்ல. அந்த வேலி சொத்தின் எல்லையும்தான். அதற்கு வெளியே நின்று கூலிக்குக் கூப்பிடக் காத்திருந்தவர்கள் பெரும்பாலும் தலித்துகள். ஆறு கெட்டபோது பயிர் போனவருக்கு நிலக்கணக்கில் இழப்பீடு பேசப்பட்டது. களையெடுப்பும் அறுப்பும் போனவருக்குக் காட்டப் பட்டா இல்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பனியன் கம்பெனிக்கு பஸ் ஏறினார்கள். ‘மீட்பு’ பேசுகிற சூழலியல் எழுத்து, நம்முடையது உட்பட, இவர்களை எந்தப் பத்தியில் வைக்கப்போகிறது?