காணியின்றி வீடேது?

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய வாடகைக் குடியாளனுக்கு அரசின் வீட்டுக் கொள்கை எவ்வளவு பயன்பட்டது? 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் வாடகையைக் கட்டுப்படுத்தியது. 1973 ஆம் ஆண்டின் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் மிகை வீடுகளை அரசிடம் ஒப்படைத்தது. இரண்டும் இருந்த வீடுகளைப் பங்கிட்டனவேயன்றிப் புதியன எழுப்பவில்லை. 1978 இல் தொடங்கிய ஓரிலட்சம் வீடமைப்புத் திட்டத்தில் அரசு தானே கட்டவும் முன்வந்தது. 1984 இல் வந்த பத்து இலட்சம் வீடமைப்புத் திட்டமோ பெரும்பாலும் கடன் கொடுப்பதோடு அமைந்தது. காணியுள்ளவனுக்குக் கடன் வீடாகும். காணியற்றவன் அதனை எங்கே ஊன்றுவது? துறைமுகத்தைச் சூழ்ந்த பெரும் நிலப்பரப்பு துறைமுக அதிகாரசபைக்கு உரித்தாக்கப்பட்டதும் அதே 1984 இல் என்பது நோக்கற்பாலது. கடன் வந்த ஆண்டிலேயே காணி போயிற்று! சிங்கப்பூரும் துறைமுக நகரே. 1966 ஆம் ஆண்டின் நிலம் எடுத்தற் சட்டம் அங்கும் குடிகளைப் பெயர்த்தது. ஆயினும் எடுத்த நிலத்தின் கணிசமான பகுதியில் எழுந்தவை பொதுமக்களுக்கான அடுக்கு வீடுகள்.