படம் பெயர் சொல்லுமா?

ஒட்டுண்ணிக் குளவிகளின் வண்ணப் படங்களை வெளியிட்டு, ஒவ்வொன்றின் கீழும் முழு அறிவியல் பெயரை அச்சிடும் நூல்கள் பெருகிவிட்டன. கைப்பேசிச் செயலிகளோ படத்தைக் காட்டிய நொடியிலேயே பெயரைச் சொல்லிவிடுகின்றன. படம் எடுத்தவர்களின் பொறுமை பாராட்டுக்குரியதே. ஆனால் அந்தப் பெயர்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே நம் கேள்வி.

கரும்பு இடைக்கணுப் புழுவைக் கட்டுப்படுத்த முட்டை அட்டைகளாகக் கட்டப்படுகிறதே டிரைக்கோகிரம்மா, அதையே எடுத்துக்கொள்வோம். இதன் நீளம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். இப்பேரினத்தின் சிற்றினங்களை முற்காலத்தில் பெரும்பாலும் உடல் நிறத்தைக் கொண்டே பிரித்தனர். நிறமோ வளரும் இடத்தின் வெப்பநிலைக்கேற்ப மாறக்கூடியது. குளிரில் வளர்ந்த குளவி கருத்திருக்கும். அதனால் வெவ்வேறு சிற்றினங்கள் ஒரே பெயரில் அடைக்கப்பட்டன. பெங்களூரில் ஆய்வு செய்த சுதா நாகர்கட்டி, எச். நாகராஜா ஆகிய இருவரும் ஆண் குளவியின் இனப்பெருக்க உறுப்பின் அமைப்பே நம்பத்தக்க அடையாளம் என்பதை 1971-இல் விளக்கிக் காட்டினர். அவ்வுறுப்பைக் கண்ணாடித் தகட்டில் பதித்து நுண்ணோக்கியில்தான் காணவேண்டும். வண்ணப் படம் நன்கு காட்டுவது எதை? ஏமாற்றக்கூடிய அதே நிறத்தை!

படத்தைப் பெரிதாக்கினால் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். உருப்பெருக்கம் வேறு, பிரிதிறன் வேறு. அருகருகே உள்ள இரு புள்ளிகளை லென்ஸ் பிரித்துக் காட்டாவிட்டால், படத்தைச் சுவரளவு பெரிதாக்கினாலும் அவை ஒரே புள்ளிதான். மேலும், உருப்பெருக்கம் கூடக்கூடத் தெளிவாகத் தெரியும் ஆழம் குறைகிறது. கண் தெளிவாக விழுந்தால் கால் மங்கிவிடும்.

இதனால் படங்கள் பயனற்றவை என்று கொள்ளலாகாது. சற்றுப் பெரிய குளவியில் முன் இறக்கை விரிந்து தெரிந்தால் நரம்புகளைப் படிக்கலாம். பின்னோடு நரம்புகள் இரண்டு இருந்தால் இக்நியுமோனிடே குடும்பம். ஒன்றே இருந்தால் பெரும்பாலும் பிரகோனிடே. குடும்பம் வரை படம் நம்மை நேர்மையாக அழைத்துச் செல்கிறது. அதற்கு மேல் செல்லும்போதுதான் நூல்களும் செயலிகளும் வரம்பு மீறுகின்றன. செயலி தரும் விழுக்காடு, முன்பு பெயரிடப்பட்ட படங்களோடு உள்ள ஒற்றுமையின் அளவே. அப்படங்களின் பெயர் தவறானால், தவறே வளரும்.

இதில் உழவரின் விளைச்சல் அடங்கியிருக்கிறது. ஒன்றுபோல் தோன்றும் குளவிகள் எல்லாம் ஒரே பூச்சியைத் தாக்குவதில்லை. பெயர் தவறினால் வயலில் விட்ட குளவி வீணாகும், புழு பிழைக்கும்.

ஆகவே மாணவர்களே, படம் எடுக்கும்போது மேலிருந்தும் பக்கவாட்டிலும் எடுங்கள். அருகில் அளவுகோல் வையுங்கள். எந்தப் புழுவிலிருந்து, என்று, எங்கே கிடைத்தது என்று குறியுங்கள். குளவியைச் சாராயத்தில் இட்டுப் பாதுகாத்து வையுங்கள். நூலில் ஒரு பெயரைக் கண்டால், எந்த உறுப்பைக் கண்டு இப்பெயர் இடப்பட்டது என்று கேளுங்கள். விடை இல்லாத நூலை அழகுக்காக வாங்கலாம். அடையாளம் காண வாங்கவேண்டாம்.