கல்லில் வைத்த காலடி: அரன் தீவுகளை நடந்து எழுதியவர்கள்

தீவுகளுக்கு விடுமுறையில் போய் நடப்பது ஐரோப்பாவில் இன்று நல்ல வியாபாரம். பெட்டியை ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்கு வேறொருவர் வாகனத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவார். நடப்பவருக்கு ஒரு தண்ணீர்ப் போத்தலும் வரைபடமும் போதும். இதற்கான விளம்பரப் புத்தகங்களில் சில சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: 'கெடாத', 'காலம் தொடாத', 'பழமை மாறாத'. இவை விளம்பரக்காரர் கண்டுபிடித்த சொற்கள் என்றுதான் நானும் வெகுநாளாக எண்ணியிருந்தேன். அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள அரன் தீவுகளைப் பற்றிய நூல்களை அடுத்தடுத்து வாசித்த பிறகு, இவை இலக்கியத்திலிருந்து இரவல் வாங்கப்பட்டவை என்று தோன்றுகிறது.

கோல்வே வளைகுடாவின் வாயில் மூன்று தீவுகள்: இனிஷ் மோர், இனிஷ் மான், இனிஷ் ஈர். பெரியது சுமார் 14 கிலோமீற்றர் நீளம். மூன்றிலும் சேர்த்து ஏறத்தாழ 1,200 பேர்தான் வசிக்கிறார்கள். எங்கும் சுண்ணாம்புக்கற் பாறை. மண் இல்லாத இடத்தில் மணலையும் கடற்பாசியையும் பாறைமேல் கொட்டிப் பயிர்செய் நிலம் ஆக்கிக்கொண்டவர்கள் இந்த மக்கள். காணிகளைப் பிரிக்கும் கல்வேலிகளை வரிசையாக வைத்தால் ஆயிரம் மைலுக்கு மேல் வரும் என்கிறார்கள். ஐரிஷ் மொழி இன்னும் வீட்டுமொழியாக இருக்கும் அரிதான இடங்களில் இதுவும் ஒன்று.

ஜே. எம். சிங் இங்கு வந்தது 1898 இல். 1896 இல் பாரிஸில் சந்தித்தபோது அரனுக்குப் போகும்படி அவரிடம் சொன்னதாக யேட்ஸே பின்னர் எழுதியிருக்கிறார். 1902 வரை ஐந்து தடவை போய்த் தங்கினார். 'அரன் தீவுகள்' 1907 இல் வெளியானது. பெரிய தீவில் இறங்கியவர் அங்கு அதிக நாள் நிற்கவில்லை. அரசாங்க உதவியோடு மீன்பிடித் தொழில் வளர்ந்ததால் அங்குள்ள துறைமுக ஊர் மற்றக் கரையோர ஊர்களைப் போல் ஆகிவிட்டது என்பது அவருடைய குறை. ஐரிஷ் அதிகம் புழங்குவதும், ஐரோப்பாவில் எஞ்சியவற்றுள் மிக ஆதியான வாழ்க்கை உள்ளதும் இனிஷ் மானில்தான் என்று கருதி அங்கே மாறினார். இந்த இடத்தில் வாசகன் கொஞ்சம் நிற்க வேண்டும். நாலு மீன்பிடிக் குடும்பத்துக்கு வருமானம் கிடைத்ததை ஒரு விருந்தாளி நட்டமாக எண்ணுகிறார். 'கெடாத' என்ற விளம்பரச் சொல்லின் ஊற்றுக்கண் இதுதான். சிங்கைப் போற்றும் விமர்சகர்கள் இதனை இலேசாகக் கடந்துவிடுகிறார்கள்.

ஆனால் அதே நூலில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி ஒன்றுண்டு. பாறையின் கூர்முனைகள் சிங்கின் சப்பாத்துகளைக் கிழித்துவிடுகின்றன. தங்கியிருந்த வீட்டார், பதனிடாத மாட்டுத் தோலில் ஒரு சோடி செருப்புச் செய்து கொடுக்கிறார்கள். 'பம்பூட்டி' என்பது அதன் பெயர். இரவில் தண்ணீரில் ஊறப் போட்டால்தான் மறுநாள் காலுக்கு இசையும். முதலில் சிங் பழைய வழக்கப்படி குதியை ஊன்றி நடந்து கால் நொந்துபோகிறார். சில மணி நேரத்தில், விரல்களை முன்னால் வைத்துப் பாறையைப் பற்றி நடக்கும் தீவாரின் நடை அவருக்குப் பிடிபடுகிறது. 'ஆதி வாழ்க்கை' பற்றிய அவருடைய பொதுவான கூற்றுகளைவிட, இந்தச் செருப்புப் பற்றிய ஒரு பக்கம் எவ்வளவோ மேலானது. கேட்டதைச் சொல்லும் இடங்களிலும் அவர் உண்மையாகவே நிற்கிறார். கடலில் மாண்டவனை உடுப்பை வைத்து அடையாளம் காணும் செய்தி பின்னர் 'கடலுக்குச் செல்வோர்' நாடகமாயிற்று. தகப்பனைக் கொன்றுவிட்டு ஓடிவந்து ஒளிந்தவனின் கதை 'மேற்குலகின் வீரவிளையாட்டுக்காரன்' ஆகி, 1907 இல் டப்ளின் அரங்கில் கலகத்தையே கிளப்பியது.

ரொபர்ட் பிளஹர்ட்டியின் 'அரன் மனிதன்' (1934) திரைப்படம் வேறு வகை. படத்தில் ஒரே குடும்பமாக வருவோர் உண்மையில் ஒரே குடும்பத்தினர் அல்லர். சுறா வேட்டை தீவில் எப்போதோ வழக்கொழிந்துவிட்டது. படத்துக்காக அவர்களுக்கு அது மீண்டும் கற்றுக்கொடுக்கப்பட்டது. ஆவணப்படம் என்ற பெயரில் செய்த ஏமாற்று என்று ஒதுக்கிவிடலாம். அப்படி ஒதுக்க முடியாமைக்கு ஒரு காரணமுண்டு. அந்தப் படத்தைப் பார்த்த ஆர்வத்தில்தான் 1972 இல் லண்டனிலிருந்து ஓர் இளம் தம்பதியர் கோடை விடுமுறைக்கு அரனுக்கு வந்தனர். அதே ஆண்டின் இறுதியில் அங்கே குடியேறியும் விட்டனர். கணவர் டிம் ரொபின்ஸன். 1935 இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துவிட்டு ஓவியரானவர்.

அவர் வரைபடம் போடத் தொடங்கியதும் உல்லாசப் பயணிகளால்தான். கோடையில் வருவோர் வரைபடம் கேட்கிறார்கள், நீங்கள் ஒன்று போட்டால் விலைபோகும் என்று மேற்குப் புறத்துக் கிராமமொன்றின் தபாலதிபர் அம்மையார் சொன்னாராம். 1975 இல் முதல் வரைபடம் வெளிவந்தது. அதற்காக வேலி வேலியாக, வீடு வீடாக நடந்து திரிந்த நடையிலிருந்துதான் 'அரனின் கற்கள்' என்ற இரு பாகங்களும் பிறந்தன. 'யாத்திரை' (1986) தீவின் கரையை வலமாகச் சுற்றி வருகிறது. 'சிக்கல்வழி' (1995) உள்ளே நுழைகிறது.

காலடி ஒவ்வொன்றும் தான் மிதிக்கும் நிலத்துக்குத் தகுந்ததாக இருக்க முடியுமா என்பது 'யாத்திரை'யின் கேள்வி. அலையோடு இசைந்து நீந்திய டொல்பின்களைக் கண்ட நேரத்தில் எழுந்த கேள்வி அது. அந்த அடியின் கீழ் புவியியல், தாவரம், காணித் தகராறு, புனிதர் கதை, பாசியை எரித்துச் சாம்பலாக்கி விற்ற தொழில், எல்லாம் இருக்கின்றன. அத்தனையும் அறிந்து ஓர் அடி வைப்பது மனிதனால் ஆகாது என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். சிங்கின் பம்பூட்டிப் பக்கம் இங்கே ஒரு முழு நூலாக விரிந்திருக்கிறது எனலாம்.

ஊர்ப் பெயர்களைப் பற்றிய பகுதிகள்தான் நூலின் உயிர். பிரித்தானியர் 1824 இல் அயர்லாந்தை அளக்கத் தொடங்கினார்கள். பெயர்களை ஆராய ஜோன் ஓ'டொனவன் 1839 இல் அரனுக்கு வந்தார். அவர் ஐரிஷ் அறிந்த பேரறிஞர். ஆயினும் முடிவில் தாளில் ஏறியது ஆங்கில எழுத்துக்கூட்டல். ஐரிஷில் 'கில்' என்றால் கோயில். ஆங்கிலத்தில் எழுதியதும் அது கொலையாகத் தொனிக்கிறது. பெரிய தீவின் தென்கிழக்கு மூலையில் ஓர் இடத்துக்கு அந்த வரைபடம் 'இல்லோனநோர்' என்று பெயரிட்டது. முதற்பகுதியைத் 'தீவு' என்று எண்ணிவிட்டார்கள் போலும். அங்கே தீவு ஏதும் இல்லை. ஊர்ச் சனத்திடம் கேட்ட ரொபின்ஸனுக்குச் சரியான பெயர் கிடைத்தது: கண்ணீர்ப் பள்ளத்தாக்கு. அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்களை உறவினர் கடைசியாகப் பார்த்துக் கையசைத்த இடம் அது. மட்டக்களப்பை 'பற்றிக்கலோ' என்று படித்து வளர்ந்த நமக்கு இது நீளமாக விளக்க வேண்டிய சங்கதியல்ல.

எனினும் ரொபின்ஸனிடம் எனக்கு மனக்குறைகள் உண்டு. முதற் பாகத்தில் கல்லுக்குக் கிடைக்கும் கவனம் ஆட்களுக்குக் கிடைக்கவில்லை. கூடவே வாழ்ந்து உழைத்த மனைவி நூல் முழுவதும் 'எம்' என்ற ஓரெழுத்தாக வந்துபோகிறார். அடக்கம் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அது அநியாயமாகவே படுகிறது. இன்னொன்று: ஐரிஷ் பெயர்களை மீட்ட நூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. அவர் தீவாரின் மொழியைப் படித்தார், பேசினார். பேரரசின் கருவியாக இருந்த வரைபடத்தைத் தீவாரின் பக்கம் திருப்பினார். ஆனால் அந்த வரைபடத்தை வாங்கி நடப்பவன் வழியில் ஆங்கிலத்தில்தான் 'குட் மோர்னிங்' சொல்கிறான். அவன் தரும் காசு இல்லாவிட்டால் விடுதியும் சைக்கிள் கடையும் இல்லை. அவை இல்லாவிட்டால் இளைஞர் அங்கே தங்கமாட்டார்கள். இளைஞர் போனால் ஐரிஷும் போய்விடும். இந்த முடிச்சை அவிழ்க்க ரொபின்ஸனாலும் இயலவில்லை.

தீவிலே பிறந்தவர்கள் இப்படி நடந்து எழுதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லியம் ஓ'பிளஹர்ட்டி (1896 - 1984), கவிஞர் மார்ட்டின் ஓ டிரான் (1910 - 1988) இருவரும் பெரிய தீவின் பிள்ளைகள். முன்னவர் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதினார். பின்னவர் 1928 இல் கோல்வே தபால் கந்தோரில் வேலைக்குப் போனார். விட்டுவந்த தீவைப் பற்றி ஐரிஷிலேயே பாடினார். முதுகில் ஈரப் பாசியைச் சுமந்து ஏறியவர்களின் பிள்ளைகளுக்கு நடை என்பது வேலை. அதை விடுமுறையாகக் காண வெளியூர்க் கண் வேண்டியிருக்கிறது.

ரொபின்ஸன் 2020 ஏப்ரலில் கோவிட் நோயால் லண்டனில் காலமானார். 'எம்' அவருக்கு இரண்டு வாரம் முந்திப் போய்விட்டார். இரண்டாம் பாகம் எனக்குப் பல இடங்களில் களைப்பைத் தந்தது. ஒரு கிராமத்தின் குடும்பக் கிளைகள் முடிவதற்குள் அடுத்த கிராமம் வந்துவிடுகிறது. முதற் பாகத்தில் தென்கரைச் செங்குத்துப் பாறைகளைப் பற்றிய அத்தியாயங்களை மட்டும், நாளுக்கு ஒன்றாக, வரைபடத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு வாசிக்கலாம். நான் அப்படித்தான் இரண்டாம் தடவை வாசித்தேன். கண்ணீர்ப் பள்ளத்தாக்கு அந்த வழியில் ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது.