கிளிக் வைக்காத கை

பழைய சுவா சூ காங் சாலையிலுள்ள தேசியத் துப்பாக்கிச் சுடு மையத்தில் ஐம்பது மீட்டர் போட்டிகளை விடாமல் பார்ப்பவர்களுக்கு, நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரிந்துவிடும். பெயர் வேண்டாம். படுத்துச் சுடும்போது இரண்டு குண்டு அடுத்தடுத்து வலப்பக்க ஒன்பது வளையத்தில் விழுந்தாலும் அவர் குறிபார்க்கும் சைட்டைத் தொடமாட்டார். பக்கத்தில் இருப்பவர்கள் அதை ஒரு கிளிக், இரண்டு கிளிக் என்று திருகிக்கொண்டிருக்க, இவர் காற்றுக்கொடியையே பார்த்துக்கொண்டிருப்பார். தயக்கம், துணிச்சல் போதாது என்கிறார்கள். எனக்கென்னவோ அந்த வரிசையிலேயே துணிச்சல்காரர் அவர்தான்.

அவர் கையைக் கட்டிப்போடுவது பழைய மரக்கட்டைக்குள் இருக்கும் எப்பாக்ஸி. இதற்குப் பெயர் கிளாஸ் பெட்டிங். அந்தப் பெயரைக் கேட்டதும் துப்பாக்கிக்கே புது உயிர் வந்துவிடும் என்று நம்புகிற கூட்டம் ஒன்று உண்டு. அது வெறும் கண்துடைப்பு என்று சிரிக்கிற கூட்டம் இன்னொன்று. இரண்டு பேருக்கும் அது செய்கிற வேலை பிடிபடவில்லை.

மரத்தில் குடைந்த பள்ளத்தில், குழலைத் தாங்கும் உலோகப் பகுதியான ஆக்‌ஷன் முழுதாகப் படிவதில்லை; அங்கங்கே மேட்டில்தான் உட்காரும். திருகை இறுக்கினால் உலோகம் மயிரிழை வளையும். வருடம் முழுக்கச் சராசரி ஈரப்பதம் எண்பது சதவீதத்தைத் தாண்டி நிற்கும் நம் ஊரில், மழைக்காலக் கதவுபோல அந்த மரமும் உப்பும். இன்று ஓரிடத்தில் விழுந்த குண்டுகள் அடுத்த வாரம் வேறிடத்தில் விழும். கண்ணாடி இழையோ உலோகத் தூளோ கலந்த எப்பாக்ஸியைப் பள்ளத்தில் இட்டு, ஒட்டாதிருக்க உலோகத்தில் மெழுகு பூசி, ஆக்‌ஷனை அதில் உட்காரவைத்து இறுகவிட்டால், அதன் வடிவத்துக்கே ஓர் அச்சு கிடைக்கும். எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் அதே இடத்தில், வளையாமல் உட்காரும்.

மோசமான குழலை இது நல்ல குழலாக்காது. துப்பாக்கிக்கு ஒத்துவராத தோட்டாவையும் திருத்தாது. தோட்டா நிறுவனங்களான ஈலியும் லாப்புவாவும் சுடுபவரின் சொந்தத் துப்பாக்கியிலேயே தோட்டாக்களை லாட் லாட்டாகச் சோதித்துப் பார்க்க வசதி வைத்திருப்பது அதனால்தான். பத்து வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். குண்டு ஒன்பதுக்குப் போனால் காற்று, தோட்டா, தோள், துப்பாக்கி என்று நான்கு பேர்மேல் சந்தேகம் வரும். பெட்டிங் துப்பாக்கியின் பெயரை ஏறக்குறைய அடித்துவிடுகிறது, அவ்வளவுதான். நம் ஆளுக்கு அது போதும். கொடி துடிக்கிறது, ஆகவே காற்று, அடங்கும்வரை பொறுப்பார். அந்த வீச்சுக்குக் கிளிக் வைத்தவர் காற்று தணிந்ததும் இடப்பக்க ஒன்பதை வாங்குவார்.

தேசிய சேவையில் எஸ்ஏஆர் 21 துப்பாக்கி பிடித்த பழக்கத்தில், விலகினால் திருப்ப வேண்டியதுதானே என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு நிறைய. அங்கேயும் ஒரு குரூப் சுட்டு முடித்த பிறகுதான் திருப்பச் சொல்வார்கள். அதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அலுமினியக் கட்டைக்காரர்கள், எங்களுடையது உப்பாது என்பார்கள். உண்மைதான். ஆனாலும் நான் மரத்தின் கட்சி. திருகை மனம்போன அழுத்தத்தில் இறுக்கிவிட்டு அலுமினியத்தை நம்புகிறவரைவிட, ஒரே அளவில் இறுக்கும் மரக்காரர்மேல் பந்தயம் கட்டுவேன்.

அடுத்த பருவத்தில் நடக்கப்போவதையும் சொல்லிவைக்கிறேன். ஒரு மோசமான நாளுக்குப் பிறகு நாலைந்து பேர் பெட்டிங் செய்துகொள்வார்கள். புள்ளி ஏறாது, கிளிக் பழக்கம் போகாததால். இவர் மூன்று நிலைப் போட்டியில் மண்டியிடும் கட்டத்தில் பின்தங்குவார். படுத்துச் சுடும் இருபது குண்டுகளில், காற்று மாறிமாறி வீசும் நாளாக இருந்தால், அரை வரிசையைத் தாண்டி மேலே வருவார். நின்று சுடும்போது வழக்கம்போலத் தடுமாறுவார். அதற்கு எப்பாக்ஸி உதவாது. எட்டுப் பேரில் ஒருவராக இறுதிச் சுற்றுக்கு வருவார். பதக்கம் கேட்டால், வெண்கலம் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.