மேளத்தில் யாருக்கு இடம்?

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில், முகூர்த்தம் நெருங்கிப் புரோகிதர் கையசைத்ததும், ராகம் எந்த இடத்தில் இருந்தாலும் அறுந்து கெட்டிமேளம் எழும். கற்பனைக்கு இதைவிடப் பெரிய இடையூறு உண்டா என்று கேட்கலாம். ஆனால் நாகசுரத்தில் மனோதர்மம் வளர்ந்ததே இத்தகைய கட்டுகளுக்குள்தான். கோயில் புறப்பாட்டுக்கு முதலில் மல்லாரி. சாகித்தியம் இல்லாத, பெரும்பாலும் கம்பீரநாட்டையில் அமைந்த உருப்படி. காலம் மாற்றி வாசிக்கும்போது கணக்கு பிசகக் கூடாது. அதன் பிறகே ஆலாபனை. அதன் நீளத்தையும் சுவாமி நகரும் வேகமும் மண்டகப்படியில் நிற்கும் நேரமும்தான் தீர்மானிக்கின்றன. சுருதிக்கு ஒத்து என்னும் குழல் நிற்கிறது. பிடிகளுக்கு இடையே தவில் உருட்டுச் சொல்லால் நிரப்புகிறது. ஒருவர் மட்டும் ராகத்தில் உலாவுகிறார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) பெயர் பெற்ற தோடிக்குப் பின்னாலும் இந்த ஏற்பாடுதான் இருந்தது.

யாழ்ப்பாணத்தில் கற்பனைக்கான இந்த இடத்தில் பெரும்பங்கு தவிலுக்குப் போயிற்று. திருவிழா உபயகாரர்கள் போட்டி போட்டுப் பல மேளக் குழுக்களை அழைப்பார்கள். தனி ஆவர்த்தனத்துக்காகவே சனம் கூடும். அந்தச் சூழலில் உருவானவர்தான் தமிழ்நாட்டு வித்வான்களோடும் வாசித்துப் புகழ்பெற்ற யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933–1975). பல தவில்கள் சேர்ந்தால் சுதந்திரம் கூடும் என்று நினைப்பது தவறு, கட்டுதான் இறுகும். ஒருவர் திஸ்ர நடையில் இறங்கினால் அடுத்தவர் அங்கேயே பதில் சொல்ல வேண்டும். குறைப்பில் ஒவ்வொருவரின் முறையும் சுருங்கிச் சுருங்கி, மோரா, கோர்வை என்னும் முடிப்புகளில் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து விழ வேண்டும். ஆலாபனையில் தனியாக அலைபவருக்கு இந்த நெருக்கடி கிடையாது.

கோர்வை முன்பே பேசி வைத்தது, அதில் கற்பனை எங்கே என்று ஒரு மறுப்பு உண்டு. முடிவு பேசி வைத்ததாக இருக்கலாம். அங்கே போகும் வழி பேசி வைத்ததல்ல. இன்னொரு மறுப்பு வலுவானது: அளவெட்டி என். கே. பத்மநாதன் போன்ற நாகசுரக்காரரை ஈழம் தந்தது, நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற தவில்காரரைத் தஞ்சை தந்தது. பிறகு இந்தப் பிரிவினை எதற்கு? உண்மைதான். இரு கரை வித்வான்களும் கடல் கடந்து வாசித்தவர்கள். ஆகவே வேறுபாட்டை நாட்டின் குணமாகக் காட்டுவது சரியில்லை. கேட்பவர் எதற்காகக் கூடுகிறார், மேளத்தை யார் எதற்கு அழைக்கிறார் என்பதில்தான் அது இருக்கிறது. மண்டபத்துக் குழு இன்று ஒரு நாகசுரம், ஒரு தவில், ஒரு சுருதிப்பெட்டி என்று சுருங்கிவிட்டால், குறைவது ஆள் செலவு மட்டுமல்ல. தாங்கிப் பிடிக்க ஆளில்லாத நாகசுரக்காரர் ராகத்தை நீட்டத் தயங்கி, தெரிந்த சினிமாப் பாட்டுக்குப் போய்விடுகிறார். அதற்கு அவரைக் குறை சொல்வது நியாயமில்லை.